பஸ்ஸுக்கும் டனலுக்கும் போட்டி

வேலை செய்துவிட்டது!

மலைமேல் வாழவந்தி நாட்டில் என் கம்ப்யூட்டர். கீழே சேந்தமங்கலத்தில் நண்பன் சலீமின் போட்டோ ஸ்டூடியோ. இரண்டுக்கும் நடுவே இணையத்துக்குள் தனிப்பாதை போடும் டனல் மென்பொருளை இன்று நிறுவினோம். என் தங்கச்சி கல்யாணத்தில் சலீம் எடுத்த, மெயிலில் அடங்காத படங்கள் அவன் ஷேர் ஃபோல்டரிலிருந்து நேராக என் வீட்டில் இறங்கத் தொடங்கின!

சலீமுக்கு நம்பிக்கையில்லை. "எதுக்கும் சிடியில போட்டுக் கண்டக்டர்கிட்டக் குடுத்துட்டேன். பஸ் கெளம்பிருச்சு. எது முந்துதுன்னு பாத்தரலாம்" என்று போனில் சிரித்தான்.

பாதிக்கு மேல் இறங்கியதும் குதித்தேன்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏன் கண்ணு, அந்தத் தம்பி இத்தன அனுப்புது. சும்மா வாங்கிக்கறதா? நீயும் ஏதாச்சும் வெச்சு உடு."

எங்கள் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக் கிண்ணம்கூட வெறுமனே திரும்பாது. அருவியில் எடுத்த வீடியோவை என் ஷேர் ஃபோல்டரில் வைத்தேன். சலீம் உடனே அதை இழுக்க, ஒரே லைனில் நெரிசலாகி என் படங்கள் ஊர ஆரம்பித்தன. கடைசி வளைவில் பஸ் ஹார்ன் வேறு!

கடைசிப் படம் விழுந்ததும் ஓடினேன். பஸ் அப்போதுதான் நின்றது.

"நாந்தாங்க மொதல்ல!"

"இருக்கட்டுங்க, இதையும் வாங்கிக்குங்க" என்று கண்டக்டர் சிடியை நீட்டினார்.

பின்னாலேயே வந்த அம்மா அவரிடம் ஒரு பலாப்பழத்தைக் கொடுத்தாள். "வீடியோ அனுப்புனது படத்துக்குங்க. இது சிடிக்கு. சலீம் தம்பிகிட்டக் குடுத்துருங்க."

டனலில் பலாப்பழம் அனுப்பத் தெரிந்தவர்கள் கீழே பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அதுவரை பஸ்தான் ஜெயித்தது.