சிஞ்ஞோராவின் பழைய டிரைவர்

நேற்று ஞாயிறு. மிலானில் வேலை பார்க்கும் மகள் வீடியோவில் அழைத்தாள். குரல் வந்தது, முகம் வரவில்லை. "கிராபிக்ஸ் டிரைவர் பழுதாப் போச்சு அப்பா," என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பழைய கணினி ஒன்றின் சூடேறிய தூசி மணம் எனக்கு மூக்கில் ஏறியது.

பல வருடங்களுக்கு முன் நான் இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதியில் வீட்டு வேலை செய்தேன். சீசா பகுதியில் நண்பன் அன்ரனோடு ஓர் அறை. மூன்று மாதக் குழந்தையாக மன்னாரில் விட்டு வந்த மகளுக்கு ஆறு வயதாகியும், அவளையும் தாயையும் அழைப்பதற்கான கடதாசிகள் சரிவரவில்லை. என் சிஞ்ஞோரா, அந்த வீட்டு எசமானி, புதுக் கணினி வாங்கியபோது பழையதை எனக்குத் தந்தார். அதில் வீடியோ திணறியது. பாவித்த கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி நானே செருகினேன். மூன்று திருகாணிகள் மிஞ்சின. இன்னும் வைத்திருக்கிறேன்.

"பழைய கார்டை ஓட்டுற மென்பொருள், அந்த டிரைவரை முதல்ல அழி. பிறகு புதுசைப் போடு," என்றான் அன்ரன்.

"அது சிஞ்ஞோராவின்ர. கேக்காமல் எப்பிடி அழிக்கிறது?"

"உனக்குத்தானே தந்தவ?"

"பெட்டியைத்தான் தந்தவ. உள்ளுக்கை இருக்கிறதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையே."

நீங்கள் சிரிக்கலாம். அந்த வீட்டில் காய்ந்த பூவைக்கூட நான் கேட்காமல் எறிந்ததில்லை. கேட்காமல் எதையும் தொடாதவன் என்ற பெயரில்தான் என் வேலை நின்றது, வேலையில்தான் கடதாசிகள் நின்றன. ஆகவே பழையதன் மேலேயே புதியதைப் போட்டேன். திரை கோடு கோடாகி உறைந்தது.

மன்னாரிலிருந்து மனைவி தொலைபேசியில் வந்தாள். "பிள்ளை விழுந்த பல்லைக் காட்ட வேணுமெண்டு வாயைத் திறந்தபடி நிக்குது. படம் வருமோ?"

"வருது, வருது."

பலெர்மோவில் ஞாயிறு மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் யாருக்கும் போன் எடுப்பதில்லை. நான் சிஞ்ஞோராவுக்கு எடுத்தேன். அவர் மெல்லுவதை நிறுத்தி, நான் கேட்டதைக் கேட்டு, எல்லாவற்றையும் எறியச் சொன்னார். குரலில் கோபமில்லை. என்னைப் பற்றிய கவலை இருந்தது.

அன்ரன் பழையதை அழித்தான், நான் புதியதைப் போட்டேன். கணினி அணைந்து எழுந்தது. அழைத்தோம். திரை நிறைய ஒரு வாய், நடுவில் ஓர் இடைவெளி. நான் அழுதேன். அன்ரன் சோறு பார்க்கப் போனான்.

இப்போது டிரைவர்கள் தாமே வந்து ஏறிக்கொள்கின்றன. எவரிடமும் கேட்பதில்லை. மகளின் கணினி போன மாதம் நான் வாங்கிக் கொடுத்தது. அதில் பழுது எதுவும் இருக்காது, முகம் காட்டத்தான் அவளுக்கு விருப்பமில்லை போலும். அதை அவளிடம் சொல்லவில்லை. கறுப்புத் திரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கதைத்தேன்.

"பல்லெல்லாம் சுகமோ பிள்ளை?"

"இதென்ன கேள்வி அப்பா," என்றாள்.