மார்ச்சில் அடித்த வரி

2024 ஜூலை 14, ஞாயிறு. ஐந்து பத்துக்கு எழுந்தேன். இரண்டு பால் பாக்கெட் வாங்கி வந்து காபி போட்டேன். ஆறிலிருந்து ஏழு வரை, ஒரு ஞானி எதிராளிகளோடு வாதிடும் கிரேக்க உரையாடல் நூலில் அகராதியோடு பன்னிரண்டு வரி படித்தேன். பிறகு வாரத்துக்கான ஐந்து சட்டைகளுக்கு இஸ்திரி. மாலை நான்குக்குக் கிரிவலப் பாதையில் ஒரு லாட்ஜ் கூடத்துக்குப் போனேன். கிரேக்கத் தத்துவம் பற்றி அங்கே என் நண்பர் பேசுகிறார்.

அவரும் நானும் ஆறு வருடங்களாகச் செவ்வாய்தோறும் சேர்ந்து படிக்கிறோம். இந்த ஊரில் இதைச் சேர்ந்து படிக்க எனக்கு வேறு ஆள் இல்லை. நோட்டு ஒன்றுதான், எழுதுவது நான். தப்பாகப் புரிந்துகொண்டதை அழிப்பதில்லை. குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் சிவப்பு மையில் திருத்தம், தேதி. இருவரும் பேசி வைத்துக்கொண்ட வழக்கம் அது.

வெளியூர்க்காரர்கள் முப்பது பேர் இருந்தார்கள். அவர் கைபேசியைப் பார்த்துப் பேசினார். இரண்டாம் வாக்கியத்திலேயே தெரிந்தது, என் குறிப்பு. உதாரணம்கூட என்னுடையது, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடித்தவர் கதை. கூட்டம் சிரித்தபோது ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு, "வெட்கத்தை விட்டவன்தான் உண்மை பேசுவான், இதுதான் அந்த ஞானியின் போதனை" என்றார். பலர் எழுதிக்கொண்டார்கள்.

அது ஞானி சொன்னதல்ல. அவரை மடக்க வந்த எதிராளியின் வாதம். எங்கள் ஜெராக்ஸ் பிரதியில் பேசுபவர் மாறும் இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருக்கும். பிப்ரவரியில் அதைக் கவனிக்காமல் எழுதினேன். மார்ச்சில் கண்டுபிடித்து அடித்தேன். அடித்தபோது எதிரில் உட்கார்ந்து போண்டா தின்றவர் இதே நண்பர். அவருடைய எண்ணெய்க் கறை அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அடிப்பதற்கு முன்பே பக்கங்களைக் கைபேசியில் படம் எடுத்துவிட்டார் போல.

கூட்டம் கலைந்ததும் அவரே வந்தார்.

"என்ன சார், கடைசில போய் ஒக்காந்துட்டீங்க? எப்டி இருந்துச்சு?"

"அந்த வரி எதிராளி சொன்னது சார். மார்ச்லயே அடிச்சுட்டோம்."

"அட வுடுங்க சார். யாரு சொன்னா என்ன? கைத்தட்டல் கேட்டீங்கல்ல?"

"நோட்டு நாம ரெண்டு பேரும் படிச்சு எழுதுனதுன்னாவது சொல்லியிருக்கலாம்."

"ஒங்க பேரைச் சொன்னா நீங்க கூச்சப்படுவீங்கன்னுதான் சொல்லல." தோளில் தட்டினார். "செவ்வாய்க்கிழமை போண்டா ஜாஸ்தியா வாங்கியாறேன்."

தட்டிய இடத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே நடந்தேன். திருட்டைக்கூடப் பொறுத்திருப்பேன். நாங்கள் சேர்ந்து அடித்த வரியை, யார் சொன்னால் என்ன என்று எடுத்துப் பேசியவரோடு இனி எந்தப் பக்கத்தைப் படிப்பது?

திங்கள் காலை எழுந்ததும், பால் வாங்கப் போகும் முன்பே, ஒரு வெள்ளைத்தாளில் சிவப்பு மையால் எழுதினேன்: 'நேற்றைய பேச்சில் வெட்கம் பற்றிய வரி ஞானியுடையது அல்ல, எதிராளியுடையது. பிப்ரவரியில் இந்தப் பிழையைச் செய்தவன் நான்.' கீழே தேதியும் கையெழுத்தும் போட்டு, லாட்ஜுக்குப் போய் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன்.