தினமும் படம் பார்த்த நர்ஸம்மா

"தம்பி, தியேட்டர் வாசல்ல நிக்கிறேன். செக்யூரிட்டி கன்னடத்துல 'ஆகல்ல', முடியாதுங்கிறான். பாஸ் வேலை செய்யல." நர்ஸம்மாவின் குரலை நான் முதலில் கேட்டது அப்படித்தான். மாதம் ஒருமுறை பணம் கட்டினால் தினமும் ஒரு படம் பார்க்கலாம் என்று பாஸ் விற்ற கம்பெனியில், வாடிக்கையாளர்களின் அழைப்புகளுக்குப் பதில் சொல்வது என் வேலை. அன்று உடனே சரிசெய்து கொடுத்தேன். அதன்பின் எதற்கென்றாலும் என்னைத்தான் கேட்பார்.

காக்ஸ் டவுன் பகுதியில் தனியாக இருந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, கணவரும் காலமானபிறகு, வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. தமிழோ கன்னடமோ இந்தியோ, எந்தப் படமானாலும் மதியக் காட்சிக்குப் பஸ் ஏறிவிடுவார். "படம் நல்லாயிருக்கோ இல்லையோ, நாலு பேர் சிரிக்கிறப்போ நாமளும் கூடச் சிரிக்கலாமில்ல?" என்பார்.

அவர் பார்த்த ஒவ்வொரு படத்துக்கும் தியேட்டருக்கு முழு டிக்கெட் விலையையும் நாங்கள்தான் கொடுத்தோம். பாஸ் வாங்கிவிட்டு வராதவர்களின் பணத்தில்தான் கம்பெனி ஓடியது. ஆசையாக வருகிறவர்களைக் கண்டு நடுங்கும் தொழில் எத்தனை நாள் நிற்கும்? எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. ஒருநாள் களைத்த முகத்தோடு ஒரு பட்டியலை நீட்டினார். "தினம் வர்றவங்களை நிறுத்திடுப்பா. இல்லன்னா நாம எல்லாரும் வீட்டுக்குப் போகணும்." முதல் பெயர் நர்ஸம்மாவுடையது.

போனில் அழைத்து, பாஸை நிறுத்துகிறோம் என்று சொன்னேன். சண்டை போடுவார் என்று நினைத்திருந்தேன். "நான் ரொம்பப் பார்த்துட்டேனா தம்பி?" என்றார். நான் விதிமுறையை வாசித்துக் காட்டினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அவரை நிறுத்தியும் கம்பெனி பிழைக்கவில்லை. கெடுபிடி கூடக்கூட மற்றவர்களும் விலகினார்கள். மழைக்காலம் முடிவதற்குள் மூடிவிட்டார்கள். எனக்கு வேலை போன அதே வாரம் நர்ஸம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். படத்துக்கு நானே கூட்டிப்போகிறேன் என்றேன். கதவைப் பாதி திறந்தபடி நின்றிருந்தார். மெலிந்திருந்தார்.

"இன்னிக்கு நீ கூட்டிட்டுப் போவே. நாளைக்கு நான் என்னப்பா பண்ணுவேன்?"

இப்போது வேறொரு கம்பெனி அதே போன்ற பாஸை விற்கிறது. இந்தமுறை நிலைக்கும் என்கிறார்கள். நான் நம்பவில்லை. நர்ஸம்மாவிடம் அதைப் பற்றிச் சொல்லவும் இல்லை.