தேருக்கு வராத சம்மாட்டியார்

மாத்தளையில் சித்தப்பாவின் கருவாட்டுக் கடையில், தராசுக்கு மேலே ஓர் இரும்புக் கொக்கி உண்டு. அது திருகோணமலைச் சம்மாட்டியாருக்கென்றே இருந்தது. படகும் வலையும் வைத்திருந்த அவர்தான் கடைக்குக் கருவாடு அனுப்புபவர். வருடந்தோறும் அம்மன் தேருக்கு வருவார். விரத வீட்டுக்குள் கருவாடு போகக்கூடாது என்பதால், கொண்டுவந்த பொதியை அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டு, கடைக்குப் பின்னால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். தேர் முடிந்ததும் இருவருமாக அதைச் சமைத்துச் சாப்பிடுவார்கள். கூடப் பிறந்தவர்கள் அப்படிப் பழகி நான் பார்த்ததில்லை.

ஒருமுறை அவருடைய ஊர்க் கரையில் டொல்பின்கள் கூட்டமாகச் செத்து ஒதுங்கின. டீவியில் பார்த்த சித்தப்பாவுக்கு, அவை வலையைக் கிழிப்பதாகச் சம்மாட்டியார் எப்போதோ சலித்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான். போனை எடுத்து, “வாயில்லா சீவனுக்கு வெசம் வச்சிட்டீங்களே” என்று கேட்டுவிட்டார். மறுமுனையில் பேச்சே வரவில்லையாம். மௌனம் சம்மதம் என்று இவர் முடிவுகட்டினார். கருவாடும் நின்றது, தேருக்கு வருவதும் நின்றது.

எனக்கு அப்போது ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. அந்த டொல்பின்களின் ஈரல் துண்டுகள் எங்களிடம்தான் வந்தன. கடலில் தானாகப் பெருகும் ஒருவகை நுண்பாசியின் நஞ்சு அவற்றில் இருந்தது. பாசியைச் சிறுமீன் தின்ன, சிறுமீனை டொல்பின் தின்ன, அப்படி ஏறிய நஞ்சு. யாரும் வைத்ததல்ல. நல்ல செய்தி என்று நம்பி மாத்தளைக்கு ஓடினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

“தானா வர்ற வெசம்னு ஒன்னு இருக்கா? யாராவது வைக்காம எப்படி?” என்றார் சித்தப்பா.

படம் வரைந்து காட்டினேன்.

“பாசி எந்தக் குளத்துல இல்ல? நம்ம லக்கலப் பக்கத்துக் குளத்துல எருமை அதுலயேதான் படுத்துக் கெடக்கு.”

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. சம்மாட்டியாரிடமாவது பேசலாம் என்று போன் செய்தேன். “செய்யாத குற்றத்துக்கு நான் ஏன் பிள்ளை முதல்ல பேசவேணும்?” என்றார். அதில் நியாயம் இருந்தது. சித்தப்பாவுக்கோ யாராவது ஒருவர் குற்றவாளியாக இருந்தே ஆகவேண்டும். இரண்டு கிழவர்களுக்கும் நடுவில் வருடக்கணக்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

இந்த வருடம் தேருக்குக் கொடியேறிய வாரத்தில் சம்மாட்டியாரின் மகன் போன் செய்து, அப்பா தவறிவிட்டார் என்றார். நான் கடைக்குப் போனபோது சித்தப்பா ஸ்டூலில் ஏறி நின்று, தேங்காய் நாரால் கொக்கியின் துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“பாசிதான்னு ஒனக்கு அப்பவே தெரியுமில்ல? இன்னுங் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார்.

வந்த ஆத்திரத்தை என்ன செய்வது என்று தெரியாமல், நாரை அவர் கையிலிருந்து வாங்கி மிச்சத் துருவை நானே தேய்த்தேன். கொக்கி இப்போது பளபளவென்று இருக்கிறது, மாட்டத்தான் ஒன்றுமில்லை. அந்த டொல்பின்கள் விஷயத்தில் இப்போது குற்றவாளி நான்.