மதினிக்குத் துணையாகப் போனேன்

இன்று தாயில்பட்டியில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அண்ணன் மனைவிக்கு ஒரு மாதமாக வெள்ளைப்பாடு. அவருக்குத் துணையாகத்தான் நான் போனேன்.

வாசலிலேயே மதினி நின்றுவிட்டார். "பயமா இருக்குத்தா. வீட்டுக்குப் போயிருவோம்."

"இதுக்குப் போயா? நான் முதல்ல போயிட்டு வாரேன், இருங்க."

வீரமாகத் திரைக்குப் பின்னால் போய்ப் படுத்தேன். எனக்கு எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை.

நர்ஸ் மருந்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருந்தார். பிறகு டாக்டரம்மாவைக் கூப்பிட்டார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். டாக்டரம்மாதான் சொன்னார்.

"வெள்ளையா ஒரு திட்டுத் தெரியுதும்மா. புத்துநோய்னு அர்த்தம் இல்ல. மதுரையில சதை எடுத்து டெஸ்ட் பண்ணிப் பாத்துரணும். சீக்கிரமே வந்தீங்க, நல்லதாப் போச்சு."

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. என் பிள்ளைகள் இரண்டு பேரின் முகம்தான் கண்முன் வந்தது.

மதினிக்கு வெறும் புண்தானாம், மாத்திரை கொடுத்தார்கள். பஸ்ஸில் அவர்தான் அழுதார். "மதுரைக்கு நானும் வாரேன். தனியாப் போயிராத."

வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் கேட்டார். "உன் மதினிக்கு என்ன சொன்னாக?"

"ஒண்ணுமில்லையாம்" என்றேன். என்னைப் பற்றி அவரும் கேட்கவில்லை, எனக்கும் வாய் வரவில்லை.

மதினியைத் தவிர, இதைப் படிக்கிற உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். அந்த டெஸ்ட் எடுத்தவர்கள் யாராவது இருந்தால், வலிக்குமா என்று எழுதுங்கள். "பயப்படாதே" என்று மட்டும் தயவுசெய்து யாரும் எழுதிவிடாதீர்கள்.