அறுத்துத் தைத்த காது

எழுமலை அன்னக்கொடிக்குக் காது தோளைத் தொடும். அவள் ஊரில் அது பெருமை. கைக்குழந்தையிலேயே கத்தியால் துளைத்து, துளையில் பஞ்சு வைத்து, புண் ஆறியதும் ஈயக் குணுக்கைத் தொங்கவிட்டு, வருஷக்கணக்கில் இழுத்து வளர்த்த காது. அதில் தண்டட்டி ஆட நடந்தால்தான் பெண். காது அறுந்து போனவளுக்கு மூளி என்று பேர். மூளியை நல்ல காரியத்தில் முன்னே விடமாட்டார்கள். பெண் கேட்டும் வரமாட்டார்கள்.

அப்பன் செத்த பிறகு, ஒரு பிள்ளையாவது நாலெழுத்துப் படிக்கட்டும் என்று ஆத்தாள் சோலையம்மாள் பங்காளிகளோடு மல்லுக்கட்டி அவளை மதுரைக்கு மேற்கே ஒரு மிஷன் பள்ளி விடுதியில் சேர்த்தாள். விடுதியில் நகை கூடாது. தண்டட்டி ஆத்தாளோடு ஊருக்குப் போய்விட்டது. வெறுங்காது இரண்டும் கழுத்தோரம் தொங்கின. ஊரில் ராஜாத்தியாக இருந்தவள், கம்மல் துளை மட்டும் உள்ள டவுன் பிள்ளைகளுக்கு நடுவே வேடிக்கைப் பொருளானாள்.

முப்பத்தாறாம் வருஷக் கிறிஸ்துமஸுக்குப் புதிதாக வந்த துரைசாணியம்மா ஒரு நாடகம் போட நினைத்தார். பையன்களும் பெண்களும் சேர்ந்து ஆடுவது அந்தப் பள்ளியில் அதுவே முதல் தடவை. மேகலோகத்துக்கு ஏறிப்போன ஒரு ராஜகுமாரன், மேகராஜன் மகளோடு கோலாட்டம் ஆடவேண்டும். ஒரு அடியும் தப்பாமல் ஆடி முடித்தால் அவள் அவனுக்கு. தப்பினால் அவன் கல்லாகிப் போவான். உயரப் பொருத்தம் பார்த்து அன்னக்கொடியை ராஜன் மகளாக்கினார்கள். ராஜகுமாரன், உபதேசியார் மகன் இன்பசேகரன்.

அவனுக்குப் பதினாறு வயது. பேசத் தொடங்கினால் குரல் கனமாகக் கிளம்பிக் கீச்சென்று முடியும். அதற்குப் பயந்தே பேசமாட்டான். உள்ளங்கை வேர்த்துக் கோல் வழுக்கும். அவளோ அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை. கால் பெருவிரலைப் பார்த்தே ஆடுவாள். ஒருநாள் அவன் சட்டைப்பையிலிருந்து கொடுக்காப்புளியை எடுத்து வாய் திறக்காமல் நீட்டினான். அவளும் வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான், பிள்ளை தொலைந்தாள். ஆசை வெட்கம் அறியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

மறுநாள் ஒத்திகையில் ஞானம் என்ற டவுன் பெண், "கோலு நாலு, காது ரெண்டு, ஆக மொத்தம் ஆறு தாளம்டி!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். இன்பசேகரனும் சிரித்தான். சிரித்ததோடு விடாமல் ஆட்டம் முடியும்வரை அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அவன் ஒரு தடவையாவது தன்னை அழகி என்று நினைக்கவேண்டும். அந்த வயதில் அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மிஷன் ஆஸ்பத்திரியில் வளர்த்த காதை அறுத்துத் தைத்துவிடுவார்கள். அங்கே போய் நின்றாள்.

"ஊர்ல கேட்டியா? அப்புறம் சண்டைக்கு வந்துறப் போறாக," என்றாள் நர்ஸம்மா.

"ஆத்தா சரின்னுருச்சு," என்று கூசாமல் பொய் சொன்னாள்.

கட்டுப் பிரிக்கும்வரை காய்ச்சல் என்று சொல்லி ஒத்திகைக்குப் போகவில்லை. பண்டிகை அன்று ஜிகினாக் கிரீடமும் சின்னக் காதுமாக மேடையேறினாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டபோது அவளுக்கே நம்பிக்கை வந்திருந்தது. முதல் தடவையாக அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்து ஆடினாள். அவன் திடுக்கிட்டான். ஒரு அடி தப்பினான். அடுத்ததும் தப்பியது. கோல் அவள் விரலில் விழுந்தது. பின்வரிசைப் பையன்கள், "கல்லாப் போயிட்டாண்டா!" என்று ஊளையிட்டார்கள். துரைசாணியம்மாவே திரையை இழுத்து மூடும்படி ஆயிற்று.

திரைக்குப் பின்னால் அவன் மூச்சு வாங்க நின்றான். "காத என்ன செஞ்ச?"

"தச்சுக்கிட்டேன்... நல்லா இருக்கா?"

"ஏன் இப்படிப் பண்ண? எனக்குத் தாளம் பிடிக்கவே வராது. உன் காது ஆடுறதப் பாத்துத்தான் கோல் அடிச்சேன். அம்புட்டு அழகா ஆடும்." குரல் கீச்சென்று உடைந்தது. அவன் அதை மறைக்கக்கூட இல்லை.

அவள் கை தைத்த காதுக்குப் போனது. அந்த நேரம் பார்த்து, மகள் ராஜன் மகளாக ஆடுகிறாள் என்று கேள்விப்பட்டு வந்திருந்த சோலையம்மாள், ஒருநாளைக்காவது மாட்டிப் பார்க்கலாம் என்று மடியில் தண்டட்டியோடு உள்ளே நுழைந்தாள். மகளின் முகத்தைத் திருப்பினாள். மாட்டக் காது இல்லை.

"ஆத்தி! எம்பிள்ளைய மூளியாக்கிட்டாங்களே! யாருடி அறுத்தது?"

"நாந்தான் ஆத்தா அறுக்கச் சொன்னேன்."

"எதுக்குடி?"

அன்னக்கொடி இன்பசேகரனைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வை பெற்றவளுக்குப் போதும். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வெளியே அவன் அப்பா கூப்பிட்டார். போய்விட்டான். போனவன்தான்; அப்புறம் வரவே இல்லை.

அன்றோடு படிப்பு முடிந்தது. பிறந்தபோதே பேசிவைத்த தாய்மாமன் மகன் முத்திருளன், "மூளியக் கட்டவா நான் பொறந்தேன்?" என்று சபையில் சொல்லிவிட்டுத் துண்டை உதறிப் போனான். இரண்டு வருஷம் யாரும் படியேறவில்லை. கடைசியில், பெண்டாட்டியைப் பறிகொடுத்துச் சின்ன மகனோடு தவித்த கருத்தக்கண்ணனுக்கு, உசிலம்பட்டிக்கு வடக்கே ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவர் அடிக்கவில்லை, வையவில்லை, பேர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. ஊர் அவளை மூளி என்றது. குழந்தைகளும் அதையே பழகிக்கொண்டன. இன்பசேகரன் வாத்தியாராகிக் கல்யாணமும் முடிந்து பரவையில் இருக்கிறான் என்று சந்தைக்குப் போய்வந்த யாரோ சொன்னார்கள். அன்றைக்கு அவள் சோறு வடிக்க மறந்தாள்.

பத்து வருஷத்தில் காலம் புரண்டது. கம்மல்தான் நாகரிகம் என்றானது. வளர்த்த காதோடு இருந்தவர்களும் வரிசையாகப் போய் அறுத்துத் தைத்துக்கொண்டு வந்தார்கள். வீட்டில் பாராட்டினார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அந்த ஊரில் உடைத்துப் பார்த்த முதல் மருமகள் இவள், வேறென்ன?

சொந்தப் பிள்ளையாக வளர்த்த மூத்தாள் மகனுக்குக் கல்யாணமானது. மருமகள் செல்லக்கிளி கம்மலோடு வந்து வாசலில் நின்றாள். அன்னக்கொடி ஆலாத்தித் தட்டை எடுத்தாள்.

"மூளி, நீ கொஞ்சம் தள்ளி நில்லு," என்று நாத்தனார் தட்டை வாங்கிக்கொண்டாள். அவள் காதும் போன மாதம்தான் தைத்தது.

சாயங்காலம் அடுப்படியில் செல்லக்கிளி மெல்லக் கேட்டாள்: "அத்தே, உங்கள ஏன் மூளிங்கிறாக? உங்க காதும் எங்காது மாதிரித்தான இருக்கு?"

அன்னக்கொடி அடுப்புக்குள் சுள்ளியைத் தள்ளினாள். "பழகிப்போச்சு தாயி," என்றாள்.

அவளுக்கு வேறு பேர் உண்டா என்று அந்தப் பெண் கேட்கவில்லை.