தவக்காலத்தில் ஈரல்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் அரியலூரில் பெண்களுக்கான சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டராக இருந்தேன். எம்.பி.பி.எஸ். அல்ல, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.பி. படிப்பு. அந்த வித்தியாசத்தை யாராவது எனக்கு நினைவூட்டாத மாதமே கிடையாது. சுற்றுவட்டார டாக்டர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவோம். அவர்களில் மூத்தவர் ஒருவர் மட்டும் பேதம் பார்க்காமல், சீமையிலிருந்து தனக்கு வரும் மருத்துவப் பத்திரிகைகளை எனக்கும் படிக்கத் தருவார். கப்பலில் ஆடி அசைந்து பழசாகித்தான் வரும். எங்களுக்கு அதுவே புத்தம் புதுசு.

ஒரு மாசி மாதக் கடைசியில் வரதராஜன்பேட்டையிலிருந்து ஒரு பெண், பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியைப் போட்டு ஓட்டிய பஸ்ஸில் கணவரோடு வந்து இறங்கினார். பள்ளிக்கூட டீச்சர். இரண்டாவது பிரசவமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. முகம் வெளுத்து, நாக்கு தோலுரிந்ததுபோல் சிவந்திருந்தது. பாடம் வாசிக்க ஆரம்பித்தாலே மூச்சு வாங்குகிறது என்றார். இரும்புச்சத்து மருந்தைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்தும் பலனில்லை.

ஒரு துளி ரத்தம் எடுத்து மூத்த டாக்டரின் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். சிவப்பணுக்கள் குறைந்து, இருந்தவை அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. இந்த வகைச் சோகைக்கு இரும்பு போதாது, ஈரலோ ஈஸ்ட் சாறோ கொடுத்தால் கேட்கிறது என்று நான் பத்திரிகையில் படித்திருந்தேன். மூத்த டாக்டருக்குப் பாதி நம்பிக்கைதான்.

"குடுத்துப் பாருங்க. ஆனா ஒரே ஒரு ஆள வச்சு எதையும் முடிவு கட்டிடாதீங்க" என்றார்.

ஈஸ்ட் சாறு யுத்தத்தில் எங்கும் கிடைக்கவில்லை. ஆட்டு ஈரலை அதிகம் வேகவிடாமல் தினமும் சாப்பிடச் சொன்னேன். எப்படிச் சமைப்பது என்று கணவர் கேட்டார். மரக்கறி வீட்டில் பிறந்த நான் ஈரலைத் தட்டில் கண்டதேயில்லை. மிளகு தூக்கலாகப் போடுங்கள் என்று சமாளித்தேன்.

டீச்சர்தான் மறுத்துவிட்டார். அவர்கள் கத்தோலிக்கக் குடும்பம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் இறைச்சியைத் தொடமாட்டார்கள்.

"ஈஸ்டர் முடியட்டுங்க டாக்டரம்மா. அப்பறம் எது குடுத்தாலும் சாப்பிடறேன்."

அதுவரை இந்த உடம்பு தாங்குமா என்று எனக்குப் பயம். அந்த வாரமே பஸ் பிடித்து அவர்கள் ஊர்ச் சர்ச்சுச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். பெரிய வாதத்துக்குத் தயாராகப் போயிருந்தேன். நான் நாக்கிலிருந்து ஆரம்பித்துச் சிவப்பணுவுக்கு வருவதற்குள் அவர் கையை உயர்த்தினார்.

"இறைச்சிய ஒதுக்குற சுத்தபோசனம் நோயாளிக்குக் கிடையாதும்மா. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அப்புறம் ஈரலுக்குத்தான் திண்டாட்டம். தவக்காலத்தில் அந்த ஊரில் ஆடு அடிப்பவர் யாருமில்லை. கணவர் தினமும் சைக்கிளில் ஜெயங்கொண்டம் போய் வாங்கி வந்தார். ஈரல் வறுக்கும் வாசனை தெரு முழுக்கப் பரவியது. பக்கத்து வீடுகளில் முணுமுணுப்பு எழுந்தது. சாமியார் ஞாயிறு பூசை முடிந்ததும், நோயுற்ற சகோதரி ஒருவர், டாக்டர் சொற்படியும் தம்முடைய அனுமதியோடும் மருந்தாக ஈரல் சாப்பிடுகிறார், யாரும் குறை பேச வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்.

அதன் விளைவை அவரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து அந்த ஊர்க்காரர்கள் வரிசையாக என்னிடம் வந்து நாக்கை நீட்டினார்கள். பெண்கள் ஆஸ்பத்திரி என்று தெரிந்தும் ஆண்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். இருவர் நாக்கும் எந்தக் குறையும் இல்லாத நாக்கு. ஈஸ்டர் வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். ஆனால் வந்த பெண்களில் சிலர் உண்மையாகவே வெளுத்திருந்தார்கள். இத்தனை நாள் அதை ஒரு நோய் என்றே அவர்கள் நினைத்ததில்லை.

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் சொல்ல எழுந்தேன். எல்.எம்.பி.க்கள் ஆராய்ச்சி பேசலாமா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். மூத்த டாக்டர் திரும்பியே பார்க்காமல், "அவங்ககிட்ட நோயாளி இருக்காங்க, உங்ககிட்ட கேள்விதான் இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், கேட்டவர் உட்பட. நான் தயக்கமில்லாமல் பேசி முடித்தேன்.

ஈஸ்டர் கழிந்து டீச்சர் வந்தார். கன்னத்தில் ரத்தக்களை தெரிந்தது. பஸ் நின்ற இடத்திலிருந்து குழந்தையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்து வந்திருந்தார், மூச்சு வாங்கவில்லை. ஊரெல்லாம் கறிக்குழம்பு மணக்கிறது, தனக்கு மட்டும் ரசம் சாதம் போதும் என்று தோன்றுகிறது என்று சொல்லிச் சிரித்தார். நாக்கைப் பார்த்துவிட்டு, இரண்டு நாளுக்கு ஈரல் வேண்டாம் என்று விடுமுறை கொடுத்தேன்.